வராத சட்டத்துக்கு அஞ்சிப் பிறந்த கூரை

மோட்டார் கார்களின் வரலாற்றில் கூரை பிந்தி வந்த ஒன்று. ஆரம்பகாலக் கார்கள் குதிரை வண்டிகளின் வாரிசுகள். அவற்றில் பெரும்பாலானவை திறந்தபடியே ஓடின. நாற்புறமும் மூடிய கார் செல்வந்தர்களுக்குரிய ஆடம்பரமாகவே நீண்டகாலம் கருதப்பட்டது. 1920களில்தான் அமெரிக்காவில் அது பொதுவழக்கானது. மழைக்கும் புழுதிக்கும் பயந்து திறந்த காரில் போனவர்கள், அதன் பின்னர் விரும்பியே திறந்த காரைத் தேடலாயினர்.

அந்த விருப்பத்தை நிறைவேற்ற இரண்டு வழிகள் உள்ளன. கூரை முழுவதையும் பின்னால் மடித்து மறைத்துவிடும் 'கன்வெர்ட்டிபிள்' ஒன்று. இருக்கைகளுக்கு மேலுள்ள கூரைப் பகுதியை மட்டும் கழற்றிவிட்டு, பின்னாலுள்ள வளைவையும் கண்ணாடியையும் அப்படியே நிற்கவிடும் 'டார்கா' மற்றையது. காற்றோட்டமான பயணத்துக்கு இவற்றில் எது சிறந்தது என்ற வாதம் ஆர்வலர்களிடையே அரை நூற்றாண்டாக நடக்கின்றது. அந்த வாதத்துக்கு வருவதற்கு முன், இரண்டாவது வகை ஏன் தோன்றியது என்பதைப் பார்ப்பது பயனுள்ளது என நினைக்கிறேன்.

1965 செப்டெம்பரில் பிராங்பேர்ட் மோட்டார் கண்காட்சியில் ஜேர்மனியின் போர்ஷே நிறுவனம் 911 டார்காவை அறிமுகம் செய்தது. முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் அகலமான உருக்கு வளைவு ஒன்று நிமிர்ந்து நின்றது. கார் தலைகீழாகக் கவிழ்ந்தாலும் உள்ளிருப்பவர்களின் தலையைக் காப்பதே அதன் வேலை. 'பாதுகாப்பான கப்ரியோலே' என்றே நிறுவனம் இதனை விளம்பரப்படுத்தியது. சிசிலித் தீவின் மலைப்பாதைகளில் 1906இல் ஆரம்பமான 'டார்கா புளோரியோ' காரோட்டப் போட்டியிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. போர்ஷே கார்கள் அங்கு ஏற்கனவே பல தடவை வென்றிருந்தன. இத்தாலிய மொழியில் 'டார்கா' என்றால் கேடயம் அல்லது தகடு. காப்பதற்கென அமைந்த வளைவுக்குப் பொருத்தமான பெயர்தான்.

இந்த எண்ணம் முற்றிலும் புதியதல்ல. பிரித்தானியாவின் ட்ரயம்ப் டி.ஆர்.4 காரில் 1961இலேயே, பின்கண்ணாடி நிலையாக இருக்க நடுக்கூரையை மட்டும் கழற்றும் வசதி இருந்தது. ஆயினும் அந்த வகைக்கே பெயர் கொடுத்தது போர்ஷேதான். இன்று வேறு நிறுவனங்களின் கார்களையும் நாம் டார்கா என்றே அழைக்கின்றோம்.

போர்ஷே நேராக ஒரு முழுத் திறப்புக் காரைச் செய்யாததற்குப் பிரதான காரணம் அமெரிக்கா. அந்நிறுவனத்தின் மிகப்பெரிய சந்தை அதுவே. வீதி விபத்து மரணங்கள் அங்கு அரசியல் பிரச்சினையாகிக்கொண்டிருந்த காலம் அது. கண்காட்சி முடிந்து இரண்டு மாதங்களில் ரால்ஃப் நேடரின் புகழ்பெற்ற நூல் வெளிவந்து கார் உற்பத்தியாளர்களை உலுக்கியது. 1966 செப்டெம்பரில் ஜனாதிபதி ஜோன்சன் தேசிய போக்குவரத்து மற்றும் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அடுத்தது கன்வெர்ட்டிபிள் தடைதான் என்று உற்பத்தியாளர்கள் நம்பத் தொடங்கினர்.

அந்தத் தடை வரவேயில்லை. 1972இல் கிறைஸ்லர் நிறுவனம் தொடுத்த வழக்கில், பாதுகாப்பு விதிகள் கன்வெர்ட்டிபிள்களையும் ஸ்போர்ட்ஸ் கார்களையும் ஒழித்துவிடுமாறு அமையக்கூடாது என்ற நிலைப்பாட்டை அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் எடுத்தது. கூரையின் வலிமை தொடர்பான விதி 1973இல் நடைமுறைக்கு வந்தபோது கன்வெர்ட்டிபிள்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் அதற்குள் உற்பத்தியாளர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தாமாகவே களத்தை விட்டு விலகியிருந்தனர். ஷெவ்ரோலே கோர்வெட் 1975உடன் திறந்த உருவத்தைக் கைவிட்டது. 1976 ஏப்ரலில் கடிலாக் எல்டொராடோவின் கடைசிக் கார், 'அமெரிக்காவின் இறுதிக் கன்வெர்ட்டிபிள்' என்ற ஆரவாரத்துடன் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. இறுதியில் செய்யப்பட்ட 200 கார்கள் வெள்ளை நிறத்தில் ஒரே மாதிரியாக அமைந்தன. நினைவுச் சின்னமாக அவற்றை வாங்கி வைத்தவர்கள், 1984இல் அதே நிறுவனம் மீண்டும் திறந்த காரை விற்பனைக்கு விட்டபோது வழக்குக்கும் போனார்கள்.

சட்டத்தின் மீதான பயம் மட்டுமே காரணம் என்று கூறுவது நியாயமாகாது. குளிரூட்டி பரவலாகியது. நெடுஞ்சாலை வேகங்கள் கூடின. துணிக்கூரையின் இரைச்சலும் ஒழுக்கும் மக்களைச் சலிப்படையச் செய்திருந்தன. விற்பனை வீழ்ந்துகொண்டிருந்தது உண்மை. ஆயினும் எழுதப்படாத ஒரு சட்டம், எழுதப்பட்ட சட்டத்தைவிட வேகமாக வேலை செய்ததையும் மறுக்க முடியாது. பத்திரிகைத் துறையில் காலம் கழித்த எனக்கு இது வியப்பளிக்கவில்லை. தணிக்கையாளர் தொட்டிருக்கமாட்டார் என்று பின்னர் தெரியவரும் பந்திகளை முன்கூட்டியே வெட்டியெறிந்த ஆசிரிய பீடங்களை நான் கண்டிருக்கிறேன்.

இனி வாதத்துக்கு வருவோம். ஒரு சப்பாத்துப் பெட்டியை மூடியோடு கையில் எடுத்து முறுக்கிப் பாருங்கள், எளிதில் வளையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் துவண்டுவிடும். காரின் உடலும் அவ்வாறானதே. கூரையை நீக்கினால் இழந்த உறுதியை, தளத்திலும் கதவுகளின் கீழுள்ள பகுதியிலும் உருக்கைச் சேர்த்தே ஈடுசெய்ய வேண்டும். எடை கூடும். அப்படியும், பள்ளம் விழுந்த வீதியில் முன்கண்ணாடிச் சட்டம் நடுங்குவதைப் பழைய கன்வெர்ட்டிபிள்களில் உணரலாம். டார்காவின் வளைவு இந்தக் குறையை ஓரளவே போக்குகின்றது. 1968ஆம் ஆண்டின் கோர்வெட்டில் கூரையை ஒரே துண்டாகக் கழற்றவே எண்ணியிருந்தார்கள். உடல் முறுகியதால், முன்கண்ணாடியின் மேற்சட்டத்தையும் பின்வளைவையும் இணைக்கும் நடுப்பட்டை ஒன்றைப் போட நேர்ந்தது. 'டி' வடிவக் கூரை பிறந்தது இவ்வாறுதான்.

காற்றின் கதை வேறு. முழுத் திறப்புக் காரில் முன்கண்ணாடியைத் தாண்டிச் செல்லும் காற்று, பின்னால் சுழன்று திரும்பி இருக்கைகளுக்குள் விழுகின்றது. வேகம் கூடக்கூட முகத்தில் வீசுவதைவிடப் பிடரியில் அடிப்பதே அதிகம். டார்காவில் பின்கண்ணாடி அதனைத் தடுத்துவிடுகின்றது. நீண்ட தூரம் வேகமாகச் செல்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் தலைக்கு மேலுள்ள திறப்பில் காற்று மோதும்போது சில வேகங்களில் காதை அடைக்கும் முழக்கமும் எழும். அத்துடன், தோளுக்குப் பின்னால் வானம் இல்லை. திறந்த ஜன்னலொன்றின் கீழ் அமர்ந்திருப்பது போன்ற உணர்வே மிஞ்சும்.

நடைமுறை வசதியிலும் இரண்டுக்கும் கணக்குச் சமமாகவே நிற்கின்றது. பழைய டார்காக்களில் கூரையைக் கையால் கழற்றி டிக்கிக்குள் வைக்க வேண்டும். திடீர் மழைக்குக் காரை ஓரங்கட்டி இறங்கியே ஆகவேண்டும். மடிகூரை எப்போதும் கூடவே வரும். ஆனால் அதன் துணி நைந்துபோகும். பிளாஸ்ரிக் பின்ஜன்னல் மஞ்சளாகி மங்கும். கள்வனின் கத்திக்கு அது தடையே அல்ல.

பயம் தெளிந்த பின்னர் கன்வெர்ட்டிபிள் திரும்பி வந்தது. 1982இல் கிறைஸ்லரின் லீ ஐயகோக்கா, லெபரன் மூலம் அமெரிக்காவில் வழியைத் திறந்தார். அதே ஆண்டு மார்ச்சில் ஜெனீவாக் கண்காட்சியில் போர்ஷேயே 911 கப்ரியோலேயைக் காட்டியது. டார்கா வந்து 17 ஆண்டுகளின் பின்னர், முதலில் செய்ய நினைத்ததை அந்நிறுவனம் செய்தது. 1989இல் மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ்.எல். காரில், கவிழும் அபாயத்தை உணர்ந்தவுடன் 0.3 செக்கனில் எழுந்து நிற்கும் பாதுகாப்பு வளைவு வந்தது. நிலையான வளைவுக்கான ஆதாரக் காரணமே அத்துடன் தீர்ந்துவிட்டது எனலாம். அதே ஆண்டு மஸ்டாவின் எம்.எக்ஸ்-5, இருக்கையில் அமர்ந்தவாறே கையால் மடிக்கக்கூடிய துணிக்கூரையுடன் வெளிவந்து பெருவெற்றி பெற்றது.

அவ்வாறெனில் டார்கா மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. 1990களின் நடுவில் போர்ஷே அந்த வளைவைக் கைவிட்டு வழுக்கும் கண்ணாடிக் கூரையை வைத்துப் பார்த்தது. ஆனால் 2014இல் பழைய வளைவையே மீண்டும் கொண்டுவந்தது. இம்முறை கூரை தானாகவே சுமார் 19 செக்கன்களில் பின்னால் சென்று மறைந்தது. 2016இல் மஸ்டாவும் எம்.எக்ஸ்-5இன் டார்கா பாணி உருவமொன்றை வெளியிட்டது. எந்தச் சட்டமும் அவர்களை வற்புறுத்தவில்லை. மக்கள் அந்த உருவத்தை விரும்பினார்கள், அவ்வளவே.

மெதுவாக, கடற்கரையோரமாக, வானத்துக்காகவே பயணிப்பவருக்குக் கன்வெர்ட்டிபிள். வேகமாக, நெடுந்தூரம், பேச்சுக் கேட்கும்படி போக விரும்புபவருக்கு டார்கா. எனது தீர்ப்பு இதுதான். ஆனால் வரலாற்று மாணவனாக எனது மனம் டார்காவின் பக்கமே சாய்கின்றது. அச்சத்தால் செய்யப்பட்ட சமரசங்கள் பொதுவாக அச்சத்தோடு அழிந்துபோகும். இந்த ஒரு சமரசம் தனக்கென ஓர் அழகைத் தேடிக்கொண்டு நிலைத்துவிட்டது.