வரப்பு வரை வந்த பயிற்சி

ஒரு தொழிலகத்தில் புதிய முறை புகும்போது அதை யாருக்குக் கற்றுக்கொடுப்பது என்ற கேள்வி ஆலைகளில் எழுவதே இல்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் கடைசல் இயந்திரம் மாறினால் பயிற்சி கடைசல்காரருக்குத்தான். நெல் அவிக்கும் ஆலையில் கொதிகலனை இயக்குபவருக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆலை முதலாளி சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு வேறொருவரைக் கொதிகலன் முன் நிறுத்த முடியாது. அந்த ஆலைக்கு நெல் அனுப்பும் வயலும் ஒரு வேலையிடம்தான். காவிரி டெல்டாவில் அதைவிடப் பெரிய வேலையிடம் வேறு இருந்ததில்லை. அங்கே மட்டும் அரசு அனுப்பிய பயிற்சி அலுவலர் வேலை செய்பவரை விட்டுவிட்டு நிலத்துக்கு உரியவரையே தேடிப் போனார். டெல்டாவின் வேளாண் வரலாற்றில் விதை வேகமாகப் பரவியதும், சாகுபடி முறை தயங்கித் தயங்கி வந்ததும் இந்த ஒரு காரணத்தால் பெரும்பாலும் விளங்கும் என்பது என் கருத்து.

நிலத்துக்கு உரியவரும் நிலத்தில் இறங்குபவரும் வேறுவேறாக இருந்ததுதான் தஞ்சையின் பழைய அமைப்பு. மிராசுதார் கும்பகோணத்திலோ சென்னையிலோ இருப்பார். ஊரில் காரியக்காரர் கணக்குப் பார்ப்பார். உழவும் அண்டை வெட்டும் நாற்றுப்பறியும் பண்ணையாள் வேலை. நடவும் களையும் பெண்கள் வேலை. தன் கையால் ஏர் பிடிப்பது தகாது என்று கருதிய நிலவுடைமைக் குடும்பங்கள் இருந்ததை 1961-62இல் இங்கே களஆய்வு செய்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் பதிவு செய்திருக்கிறார். 1952இல் வந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது 6 ஏக்கர் 66 சென்டுக்கு, மேல் வைத்திருந்தவர்களைக் குறிவைத்தது. பண்ணையாளைத் தனிச் சட்டம் போட்டுக் காக்க வேண்டியிருந்தது என்பதே, வேலை செய்பவரும் முடிவு எடுப்பவரும் எவ்வளவு விலகி நின்றார்கள் என்பதற்குச் சான்று.

இப்படிப்பட்ட ஊருக்குள்தான் அரசின் பயிற்சி அலுவலர், கிராம சேவக் என்ற பெயரில், வந்தார். சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952 அக்டோபர் 2இலும், தேசிய விரிவாக்கப் பணி அடுத்த ஆண்டு அதே நாளிலும் தொடங்கின. 1959இல் ஃபோர்டு அறக்கட்டளையின் குழு இந்தியாவின் உணவு நெருக்கடி பற்றி அறிக்கை தந்தது. அதையொட்டி 1960-61இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு முதலில் எடுத்துக்கொண்ட 7 மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. லூதியானா, மேற்கு கோதாவரி, அலிகர், ராய்ப்பூர், ஷாகாபாத், பாலி மற்றவை. ஒரு வட்டாரத்துக்கு 10 என்றிருந்த கிராம சேவக்குகளின் எண்ணிக்கையை 20 ஆக்கினார்கள். ஒவ்வொரு விவசாயியோடும் உட்கார்ந்து, எந்த வயலில் எந்த விதை, எவ்வளவு உரம், எவ்வளவு கடன் என்று பண்ணைத் திட்டம் எழுத வேண்டும். அந்தத் திட்டத்தில் நிலத்தின் பரப்பு இருந்தது, உரமூட்டை இருந்தது. நடப்போகிறவர் யார், அவருக்கு என்ன தெரியும், என்ன தெரிய வேண்டும் என்பதற்கு இடம் இல்லை. பெண்களைச் சந்திக்கக் கிராம சேவிகாக்கள் இருந்தார்கள். அவர்கள் மாதர் சங்கத்தில் சத்துணவு, குழந்தை வளர்ப்பு, தையல் சொல்லிக்கொடுத்தார்கள். அவை வேண்டாதவை அல்ல. ஆனால் டெல்டாவின் நெல்லை நட்ட கைகளுக்கு நடவைப் பற்றி அரசு எதுவும் சொல்லவும் இல்லை, அந்தக் கைகளிடம் எதுவும் கேட்கவும் இல்லை.

இதன் விளைவைக் காண இரண்டு முயற்சிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். 1953 முதல் மத்திய அரசு நாடெங்கும் ஜப்பான் முறை நெல் சாகுபடிக்கு இயக்கம் நடத்தியது. மேட்டுப்பாத்தி நாற்றங்கால், குறைந்த விதை, கயிறு பிடித்து வரிசை நடவு, வரிசைக்குள் களையெடுக்கும் உருளைக் கருவி, கூடுதல் உரம். இதில் உரம் நின்றது, வரிசை நிற்கவில்லை. இன்னொன்று ஆடுதுறை 27. 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், ஜி.இ.பி. 24 ரகத்தை ஜப்பானிய நோரின் 10 ரகத்தோடு கலந்து 1960களின் நடுவில் வெளியிட்ட 105 நாள் பயிர் அது. சில பருவங்களிலேயே குறுவைப் பரப்பில் பெரும்பகுதியை அது பிடித்துக்கொண்டது. முன்னதும் இதே மண்ணில், இதே மிராசுதார்களிடம், இதே அலுவலர்கள் வழியாகத்தான் போனது. வேறுபாடு ஒன்றுதான்: ரகத்தை மாற்ற உரிமையாளரின் சம்மதம் போதும், வரிசையில் நட நூறு பெண்களின் கைப்பழக்கம் மாற வேண்டும். சம்மதம் வாங்கத் தெரிந்த அலுவலர் இருந்தார்; கைப்பழக்கத்தை மாற்ற வந்தவர் ஒருவரும் இல்லை.

முடிவு எடுப்பவரிடம்தானே சொல்ல வேண்டும், கூலிக்கு வருபவரிடம் சொல்லி என்ன பயன் என்று கேட்கலாம். விதை, உரம், கடன் ஆகிய மூன்றிலும் இது சரியான வாதம். ஆடுதுறை 27இன் வெற்றியே அதற்குச் சாட்சி. செய்முறைக்கு இது பொருந்தாது. பொருந்தாததோடு, ஓரிடத்தில் பெருந்தீங்காகவும் முடிந்தது. புதிய ரகங்களோடு பூச்சிமருந்து வந்தது. அக்காலத்தில் நெல்வயலில் தாராளமாகத் தெளிக்கப்பட்ட எண்ட்ரின், கொடிய நஞ்சு. அளவு பற்றிய அறிவுரை வரப்பில் நின்றவருக்குப் போனது. தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு பயிருக்குள் நடந்தவர் கூலியாள். காற்றின் போக்குப் பார்ப்பது, மூக்கை மூடுவது, கை கழுவிவிட்டுச் சாப்பிடுவது என்ற எளிய பாடம் யாருக்கு முதலில் தேவைப்பட்டதோ அவர் எந்தப் பயிற்சிப் பட்டியலிலும் இல்லை. இதை நிர்வாகக் குறைபாடு என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு கிராம சேவக் சேரிக்குப் போய்க் கூட்டம் போட்டிருந்தால் அது பயிற்சியாகப் பார்க்கப்பட்டிருக்காது, அரசியலாகப் பார்க்கப்பட்டிருக்கும் என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான். நெல்கூலித் தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட மாவட்டம் இது. அதன் பிறகே விவசாயக் கூலிப் பிரச்சினையை ஆராய்ந்த கணபதியா பிள்ளை ஆணையமும் 1969இன் நியாயக் கூலிச் சட்டமும் வந்தன. பசுமைப் புரட்சியின் பலன் தஞ்சையில் எப்படி ஏற்றத்தாழ்வாகப் பிரிந்தது என்பதை அரசியல் அறிஞர் ஃப்ரான்சீன் ஃப்ராங்கல் 1971இலேயே தம் நூலில் எழுதினார். அஞ்சுவதற்குக் காரணம் இருந்தது. ஆனால் அச்சம், அன்று ஏன் செய்யவில்லை என்பதற்கு மட்டுமே விடை. நிலைமை மாறிய பிறகும் ஏன் செய்யவில்லை என்பதற்கு விடை ஆகாது. 1980களின் தொடக்கத்தில் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டுக்கு வந்த பயிற்சி, பார்வைத் திட்டத்தில் அலுவலருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பயிற்சி, நாள் குறித்த கிராம வருகை எல்லாம் ஒழுங்காக வகுக்கப்பட்டன. அவர் சந்திக்க வேண்டியவர் யார் என்று பார்த்தால், பழையபடி நிலம் உள்ள முன்னோடி விவசாயி. 1986இல் டென்மார்க் உதவியுடன் தொடங்கிய தான்வா திட்டம் இந்த வழக்கத்தை ஓரளவு உடைத்தது. பெண் வேளாண் அலுவலர்கள் ஊருக்கே போய், உப்புக் கரைசலில் விதை தேர்வது, விதை நேர்த்தி, பூச்சிகளை இனம் காண்பது ஆகியவற்றைப் பெண்களுக்குச் செய்துகாட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல பயிற்சியாளருக்கு இலக்கணம் என்று அவர்களைச் சொல்லலாம். அங்கும் சிறு, குறு விவசாயக் குடும்பத்துப் பெண்களே முதலில் வந்தார்கள். நிலமற்ற நடவாள் பின்னால்தான்.

ஒற்றை நாற்று நடவு வந்தபோது பழைய கேள்வி திரும்பவும் எழுந்தது. மடகாஸ்கரில் உருவான இம்முறை 2003-04இல் காவிரிப் பாசனப் பகுதி வயல்களில் சோதிக்கப்பட்டது. பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டான 2010இல் அரசு இதற்கு 'ராஜராஜன் 1000' என்று பெயரிட்டது. ஏக்கருக்கு 2, 3 கிலோ விதை, 14, 15 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, சதுரமாக நடவு, கோனோவீடரால் களை. 25, 30 நாள் நாற்றை முடியோடு பிடித்து இரண்டு மூன்றாகப் பிரித்து நட்டுப் பழகிய விரல்களுக்கு, புல் போன்ற ஒற்றை நாற்றை அடையாளம் போட்ட புள்ளியில் வைப்பது வேறு வேலை. பழகும் வரை மெதுவாகத்தான் வரும். நடவுக் கூலியோ பெரும்பாலும் மா என்ற நிலப்பரப்புக் கணக்கில். மெதுவாக நட்டால் அன்றைய வருமானம் குறையும். ஆக, கற்றுக்கொள்வதற்கான செலவு முழுவதும் நடவுப் பெண்ணின் தலையில் விழுந்தது, கூடுதல் விளைச்சல் நிலத்துக்குப் போனது. அவர்கள் தயங்கியதை அறியாமை என்று எழுதியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. தஞ்சையில் பண்ணைத் திட்டம் எழுதிக்கொண்டிருந்த அதே 1961இல் நாடாளுமன்றம் தொழிற்பழகுநர் சட்டத்தை இயற்றியது. பழகும் காலத்துக்கு உதவித்தொகை தர வேண்டும் என்பது அதன் விதி. ஆலைக்குப் பொருந்திய அந்த நியாயம் வயலுக்கு ஏன் பொருந்தாது?

நடவு இயந்திரம் வந்துவிட்டதால் இந்தப் பேச்சே பழங்கதை என்பாரும் உண்டு. இயந்திரத்துக்குப் பாய் நாற்றங்கால் வேண்டும். மண் சலித்து, விதையைச் சீராகத் தூவி, நீர் தெளித்து அதை வளர்ப்பவர் ஒருவர் வேண்டும். இயந்திரத்தை ஓட்டுபவர் வேண்டும். விடுபட்ட இடத்தில் போக்கு நடுவதற்கு இன்றும் பெண்கள் வேண்டும். இவர்கள் எல்லோரும் கூலிக்கு வருபவர்கள். உதவி வேளாண்மை அலுவலரின் நாளோ மானிய விண்ணப்பம், விதை விநியோகம், சாகுபடிப் பரப்புக் கணக்கு என்று கரைகிறது. பயிற்சிக்கு அழைக்கப்படுபவர் பட்டா உள்ளவராகவே இருக்கிறார்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் வேளாண்மை விரிவாக்க மையங்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சிப் பதிவேட்டில் நடவாள், தெளிப்பாள், இயந்திரம் ஓட்டுபவர் ஆகியோரின் பெயர்கள் ஏற வேண்டும். பயிற்சி நாளுக்கு அன்றைய நடவுக் கூலியை அரசு தர வேண்டும். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறப்பதற்கு முன்பே, குறுவை நாற்றங்கால் விடும் நாட்களில், இதைத் தொடங்கிவிடலாம்.