யார் யாரை அனுசரிப்பது?

'அனுசரித்துப் போ' என்ற சொல்லைக் கேட்காமல் நம்மில் யாரும் வளர்ந்திருக்க மாட்டோம். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் அது 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்று வரும். சொல் எதுவானாலும், வளைய வேண்டியவள் யார் என்பதில் மாற்றமில்லை. கணினித் துறையிலும் இதற்கு நெருக்கமான ஒரு சொல் இருக்கிறது: கம்பேட்டிபிலிட்டி. தமிழில் ஒத்தியல்பு என்கிறோம். அங்கே வளைவது யார் என்பதை அறிய, கோபால் என்ற நிரல்மொழியின் வரலாற்றைப் பார்க்கலாம்.

1950களில் ஒரு நிறுவனத்தின் கணினிக்கு எழுதிய நிரல் இன்னொரு நிறுவனத்தின் கணினியில் ஓடாது. இயந்திரத்தை மாற்றினால் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும். வணிகக் கணக்குகளுக்குப் பொதுமொழி ஒன்று வேண்டும் என்று 1959இல் முதலில் குரல் எழுப்பியவர் மேரி ஹாஸ். கிரேஸ் ஹாப்பர் உருவாக்கிய ஃப்ளோமேட்டிக் மொழி, ஆங்கிலச் சொற்களிலேயே நிரல் எழுத முடியும் என்று அதற்கு முன்பே காட்டியிருந்தது. கோபாலின் இலக்கணத்தை எழுதி முடித்த ஆறு பேரில் ஜீன் சாமெட், கெர்ட்ரூட் டியர்னி என இருவர் பெண்கள். 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரல் இரண்டு வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஓடிக் காட்டியது.

ஹாப்பரைக் 'கோபாலின் தாய்' என்பார்கள். அந்தப் பட்டத்தைச் சாமெட் ஏற்கவில்லை; உண்மையில் உருவாக்கியவர்கள் யார் என்று 2000இல் ஒரு கட்டுரையே எழுதினார். ஹாப்பரின் பங்கை அவர் மறுக்கவில்லை. ஆனால் பலர் உட்கார்ந்து செய்த வேலையை ஒரு தாயின் மடியில் போட்டுவிட்டால், மற்றப் பெண்களின் பெயர்கள் காணாமல் போகின்றன. தாய் என்று கும்பிட்டு உழைப்பை மறக்கும் வழக்கம் நமக்கும் பழக்கமானதுதானே.

அன்று நிரல்கள் துளையட்டைகளில் இருந்தன. ஓர் அட்டைக்கு எண்பது பத்திகள். முதல் ஆறில் வரிசை எண், ஏழாவதில் குறிப்புக்குறி, எட்டிலிருந்து எழுபத்திரண்டு வரை நிரல். துளையிடும் இயந்திரத்தின் முன் பெரும்பாலும் பெண்களே அமர்ந்திருந்தார்கள். அட்டைகள் போய்ப் பல்லாண்டுகள் ஆகியும் அந்தப் பத்திக் கணக்கு கோபால் நிரல்களில் இன்னும் இருக்கிறது.

அந்த நிரல்களை இன்றைய கணினியில் ஓட்ட உதவுவது க்னூகோபால் என்ற கட்டற்ற மென்பொருள். ஜப்பானியரான கெய்சுகே நிஷிடா ஓப்பன்கோபால் என்ற பெயரில் தொடங்கியது. பின்பு ரோஜர் வைல் வளர்த்தார். 2013இல் க்னூ திட்டத்தில் சேர்ந்தது. கோபாலைச் சி மொழிக்கு மாற்றி, அதன்பின் இயந்திரமொழியாக்கும் கம்பைலர் இது. ஒவ்வொரு நிறுவனமும் கோபாலைத் தன் வட்டார வழக்கில் பேசவைத்திருந்ததால், வழக்குக்கு ஒன்றாக அமைப்புக் கோப்புகள் வைத்திருக்கிறார்கள். ஐபிஎம் வழக்குக்கு ஒன்று, மைக்ரோ ஃபோக்கஸுக்கு ஒன்று, 1985 தரத்துக்கு ஒன்று.

இது வெறும் உச்சரிப்பு வேறுபாடு அல்ல. நான்கு இலக்க இருமப் புலம் ஒன்றில் 12345 என்ற தொகை வந்து விழுகிறது என்று வையுங்கள். தர விதிப்படி 2345தான் மிஞ்சும். சில பழைய கம்பைலர்களோ இரண்டு பைட்டில் இடமிருப்பதால் முழுத் தொகையையும் வைத்திருக்கும். தொகை ஒரு விதவையின் ஓய்வூதியமாக இருந்தால்? எந்த வழக்கம் வேண்டும் என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி சொல்கிறது. ஒவ்வொரு பழைய கூறுக்கும் ஏற்கலாம், எச்சரித்து ஏற்கலாம், வழக்கொழிந்தது, பிழை என்று தனித்தனியாகக் குறிக்கவும் முடியும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது இந்த இடம்தான். இங்கே வளைவது புதிதாக வந்த கருவி. அறுபது ஆண்டுக்கு முன் எழுதியவரை அது மாறச் சொல்வதில்லை. எதை, யாருக்காக, எந்த எல்லை வரை அனுசரிக்கிறோம் என்பது எழுத்தில் இருக்கிறது. வேண்டாமென்றால் அணைத்தும் வைக்கலாம். நம் வீடுகளில் அனுசரிப்புக்கு இப்படி ஒரு பட்டியல் இருந்ததுண்டா? எழுதாத அனுசரிப்பைத்தான் 'அவள் குணம்' என்று சொல்லிவிடுகிறார்கள்.

2020 ஏப்ரலில், கொரோனா நாட்களில், வேலையிழந்தோர் விண்ணப்பங்களால் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலக் கணினிகள் திணறின. கோபால் தெரிந்தவர்கள் உதவ வேண்டும் என்று ஆளுநர் கேட்டார். பழி பழைய மொழியின் மேல் விழுந்தது. வரலாற்றாசிரியர் மார் ஹிக்ஸ் இதை மறுத்தார்: பழையதைக் கவனித்துக்கொள்ளும் ஆட்களுக்குப் பல ஆண்டுகளாகக் காசு ஒதுக்காததுதான் கேடு என்பது அவர் வாதம்.

1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தை நாம் பெருமையோடு காட்டுகிறோம். தண்டவாளத்தை அன்றாடம் பார்த்துக்கொள்பவர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. எங்கள் பகுதிப் பெண்கள் பலர் படித்து முடித்துப் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களுக்குப் போகிறார்கள். 'சப்போர்ட் ப்ராஜெக்ட்தான் மேடம்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். புதிதாகக் கட்டுவது அறிவு, இருப்பதைக் காப்பது ஏவல் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சமையலறையிலும் நோயாளியின் படுக்கையருகிலும் நமக்குச் சொன்ன அதே கணக்கு.

அவர்களிடம் நான் சொல்வது: இன்னொருவர் எழுதியதைப் படித்து, அவர் நினைத்ததை உணர்ந்து, பொருள் சிதையாமல் அடுத்த காலத்துக்குக் கடத்துவதை நம் தமிழில் உரையாசிரியர் வேலை என்போம். ஏட்டைப் பதிப்பித்தவர்களை நாம் பெயர் சொல்லிப் படிக்கிறோம். நிரலைப் பராமரிப்பவளும் தன் பெயரையும் தேதியையும் மாற்றிய காரணத்தையும் அந்த நிரலின் குறிப்பு வரியில் எழுதி வைக்கட்டும்.