ஓட்டமும் ஊக்கமருந்தும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபகுதியிலே, வாவியின் நீர்ப்பரப்பும் நெல்வயல்களும் சூழ அமைந்த ஊர் ஓட்டமாவடி. பெயர் வந்த காரணம் எதுவாயினும், ஓட்டம் என்னும் சொல்லைத் தன் முதலிலே தாங்கி நிற்பது அதன் சிறப்பு. வெயில் தாழ்ந்ததும் மைதானத்தை நாடும் இளைஞர்கள் எல்லா ஊர்களையும் போல அங்கும் உண்டு. பாடசாலை மெய்வல்லுநர் போட்டியில் நூறு மீற்றர் ஓடும் ஒரு மாணவனிடம், “இந்த மாத்திரையைப் போட்டால் இன்னும் விரைவாக ஓடலாம்” என்று ஒருவர் சொன்னால், அவன் என்ன செய்வான்? இந்தக் கேள்வி புதியதன்று. நூறாண்டுகளுக்கு மேலாக விளையாட்டு வீரர்கள் இதற்கு விடை சொல்லி வந்திருக்கிறார்கள். சிலர் சொன்ன விடைக்குத் தம் உயிரையே விலையாகக் கொடுத்தார்கள்.

1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் சென்ட் லூயிஸ் நகரில் ஒலிம்பிக் விழா நடைபெற்றது. மரதன் ஓட்டத்திலே தோமஸ் ஹிக்ஸ் என்பவர் கொடும் வெப்பத்தில் தள்ளாடியபோது, அவருடைய உதவியாளர்கள் முட்டையின் வெண்கருவிலே ஸ்ட்ரிக்னைன் கலந்து ஊட்டினார்கள், பிராந்தியும் கொடுத்தார்கள். ஸ்ட்ரிக்னைன் என்பது நம்மவர் நன்கறிந்த எட்டிக்கொட்டையில் உள்ள நஞ்சு. ஹிக்ஸ் ஏறக்குறைய நினைவிழந்த நிலையிலேயே எல்லைக்கோட்டைக் கடந்தார். தங்கப் பதக்கம் அவருக்கே கிடைத்தது. அன்று இதைத் தடுக்க ஒரு விதியும் இருக்கவில்லை.

விதி பிறப்பதற்கு மரணங்கள் வேண்டியிருந்தன. 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் டென்மார்க்கின் சைக்கிள் வீரர் குனுட் எனெமார்க் ஜென்சன் போட்டியின் நடுவே வெயிலில் விழுந்து இறந்தார். அவர் மருந்து உட்கொண்டிருந்தாரா என்பது பற்றிப் பின்னர் கருத்து வேறுபாடு எழுந்தபோதிலும், அந்த மரணம் உலகை உலுக்கியது. 1967 ஜூலை 13ஆம் நாள், பிரான்சின் வொந்தூ மலைச்சரிவிலே, இங்கிலாந்தின் டொம் சிம்சன் சைக்கிளிலிருந்து சாய்ந்து உயிர் துறந்தார். அவருடைய உடலில் அம்பெட்டமின் என்னும் ஊக்கியும் மதுவும் காணப்பட்டன. களைப்பு என்பது உடல் அடிக்கும் அபாய மணி. அம்பெட்டமின் அந்த மணியின் நாவைப் பிடுங்கிவிடுகிறது. உடல் கொதிக்கும், மனம் அதனை உணராது. அதே 1967இல் சர்வதேச ஒலிம்பிக் குழு தன் மருத்துவ ஆணைக்குழுவை அமைத்தது. அடுத்த ஆண்டு நடைபெற்ற ஒலிம்பிக் விழாக்களிலேயே பரிசோதனைகள் தொடங்கின.

பின்னர் வந்தவை அனபோலிக் ஸ்டீரோய்ட்டுகள். ஆணுடலின் இயற்கைச் சுரப்பை ஒத்த இவை, தசையைப் பெருக்குவன. இவற்றைக் கண்டறியும் சோதனை 1976இல் மொன்றியல் ஒலிம்பிக்கிலே முதன்முறையாக நடந்தது. எனினும் கிழக்கு ஜேர்மனியிலே அரசே திட்டமிட்டு இம்மருந்துகளை வழங்கி வந்தது. விற்றமின் என்று சொல்லிச் சிறுமியருக்கும் இம்மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. பலருக்குக் குரல் ஆண்குரலாயிற்று. வேறு பலருக்கு நோய்கள் ஆயுள் முழுவதும் தொடர்ந்தன. அந்நாட்டின் விளையாட்டுத் துறைத் தலைவராயிருந்த மன்பிரட் ஏவால்ட் 2000ஆம் ஆண்டிலே குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். 1988இல் சியோல் நகரில் நூறு மீற்றரை 9.79 செக்கனில் ஓடி வியக்க வைத்த கனடாவின் பென் ஜோன்சன், ஸ்டனசொலொல் என்னும் ஸ்டீரோய்ட் அகப்பட்டதால் மூன்றே நாளில் பதக்கத்தை இழந்தார்.

இந்த வரலாறு இலங்கையைத் தொடாமற் போகவில்லை. 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் சிட்னி ஒலிம்பிக்கின் 200 மீற்றர் இறுதியோட்டத்திலே சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கனில் ஓடி மூன்றாமிடம் பெற்றார். இரண்டாமிடத்துக்கும் அவருக்கும் இருந்த இடைவெளி ஒரு செக்கனின் நூற்றிலொரு பங்கு. முதலாவதாக வந்தவர் அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ். ஏழாண்டுகள் கழித்து, 2007இல், தாம் ஸ்டீரோய்ட் பாவித்ததை ஜோன்ஸ் ஒப்புக்கொண்டார். 2009 டிசெம்பரிலே சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாயிற்று. 1948இல் டங்கன் வைட் பெற்ற வெள்ளிக்குப் பின் இலங்கைக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் இதுவே. நீதி கிடைத்தது, உண்மைதான். ஆயினும் சிட்னி மேடையில் இரண்டாம் படியில் நிற்க வேண்டிய கணம் திரும்பி வரவில்லை. ஒருவர் உட்கொள்ளும் மருந்து இன்னொருவரின் வாழ்நாள் உழைப்பைத் திருடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மறுபக்கமும் உண்டு. 2010இல் டில்லியில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டு விழாவிலே மஞ்சு வன்னியாராச்சி குத்துச்சண்டையில் தங்கம் வென்றார். 1938இல் பார்னி ஹென்ரிக்கஸ் வென்றதற்குப் பின், 72 ஆண்டுகள் கழித்து வந்த தங்கம் அது. நாடு மகிழ்ந்தது. பின்னர் நன்ட்ரொலோன் என்னும் ஸ்டீரோய்ட் கண்டறியப்பட்டு, அப்பதக்கம் பறிக்கப்பட்டது. 2011இல் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க, தோள் நோவுக்கு எடுத்த மூலிகை மருந்தினால் மூன்று மாதத் தடை பெற்றார். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை என்பது ஏற்றுக்கொள்ளப்பட்டது. எனினும், உடலுக்குள் செல்லும் எப்பொருளுக்கும் வீரரே பொறுப்பு என்பது விதி. சோதனையும் தவறக்கூடும். 2015இல் குற்றஞ்சாட்டப்பட்ட குசல் பெரேரா, அடுத்த ஆண்டு மே மாதத்திலே குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். இடையிலே இழந்த ஆட்டங்களை யார் திருப்பிக் கொடுப்பார்?

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் 1999இல் தோன்றியது. இலங்கையும் 2013இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் சட்டத்துக்கு எட்டாத இடம் ஒன்றுண்டு. அது தேகப்பயிற்சிக் கூடத்தின் மூலையிலே கைமாறும் சிறு போத்தல். அதைப் பாவிக்கும் இளைஞன் ஒலிம்பிக்கைக் கனவிலும் கண்டவனல்லன். தோள் அகல வேண்டும் என்பதே அவன் ஆசை. அவனை எவரும் சோதிப்பதில்லை. அவன் உடலே அவனைச் சோதிக்கிறது. வெளியிலிருந்து சுரப்பு வந்து குவிந்தால் உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும். விதைகள் சுருங்கும், பிள்ளைப்பேறு தடைப்படலாம், ஆணுக்கு மார்பகம் பெருக்கும். ஈரல் கெடும். இரத்தத்தின் நல்ல கொழுப்புக் குறையும். இதயத் தசை தடிக்கும். வளரும் பருவத்தினனாயின் எலும்பின் வளர்முனைகள் முன்னரே மூடிக்கொள்ள, உயரம் குன்றும். இரத்தத்திலே செவ்வணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொயெட்டின் இன்னொரு வகை மருந்து. அது மிகுந்தால் இரத்தம் தடித்து உறைந்து, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் வருவிக்கும். இம்மருந்துகள் யாவும் நோயாளிக்கென்று வைத்தியர் அளவறிந்து கொடுப்பவை. நலமுள்ளவன் அளவறியாது எடுக்கும்போது அவையே நோயாகின்றன.

வாவியிலே தோணி வலிப்பவனின் தோள் ஒரு நாளில் உரம் பெறுவதில்லை. வயலிலே நாற்றை இழுத்து நீட்டினால் கதிர் முந்தி வருவதுமில்லை. ஓட்டமாவடி மைதானத்து மாணவன் இதை அறியாதவனல்லன். அவன் ஒருவேளை இரண்டாவதாக வரலாம், பத்தாவதாகவும் வரலாம். ஆனால் அந்த ஓட்டம் அவனுடையது. அதை எந்தப் பரிசோதனையும் அவனிடமிருந்து பறிக்க முடியாது.