பார்வையின் பெயர்கள்

எங்கள் வங்கிக் கிளையில் கேஷ் கவுண்டரில் இருந்த அம்மாள் ஒருவர், சாயங்காலம் கணக்கு டாலி ஆனதும், பின் குஷனிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்துப் புடவைத் தலைப்பில் செருகிக்கொண்டுதான் கிளம்புவார். வவுச்சர்களைக் கோக்கும் சாதாரணக் குண்டூசி. நான் வேலையில் சேர்ந்த புதிது. எதற்கு என்று கேட்டேன். "பஸ்ஸுக்குத் தம்பி" என்றார், டிக்கெட்டுக்குச் சில்லறை எடுத்து வைத்துக்கொண்டதைச் சொல்கிற குரலில். இடிக்கிறவனைக் குத்துவதற்கு என்று நான் புரிந்துகொண்டதை அவர் திருத்தினார். "குத்தினது நாலஞ்சு தடவை இருக்கும். மத்த நாளெல்லாம் பார்த்துக்கிட்டே நிக்கறவனுக்குத் தெரியற மாதிரி கையில வச்சுக்கறதுதான். அவன் ஊசியைப் பார்ப்பான். என்னைப் பார்க்கறதை விடுவான்." 1984ல் வேலைக்கு வந்தவர் 2022ல் ஓய்வு பெற்றார். 38 வருஷங்களில் எத்தனை குண்டூசிகள் என்று கிளையின் ஸ்டேஷனரி கணக்கில் எங்கும் பதிவாகவில்லை.

ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்துவிட்டு கிளார்க் வேலை பார்க்கும் எனக்குச் சரித்திரத்தில் பயிற்சி கிடையாது. ஆனால் பொது இடத்தில் ஓர் ஆண் ஒரு பெண்ணை அவள் விருப்பமில்லாமல் பார்த்துக்கொண்டே இருப்பது என்ற காரியத்துக்குச் சரித்திரம் உண்டா என்று தேட ஆரம்பித்தபோது எனக்கு முதலில் கிடைத்ததும் ஊசிதான். ஆச்சரியமான ஒற்றுமை. இந்த நூற்றாண்டும் அல்ல, இந்த ஊரும் அல்ல. 1903 மே மாதம் நியூயார்க்கில், கான்ஸாஸிலிருந்து ஊர் பார்க்க வந்திருந்த லியோட்டி பிளேக்கர் என்ற இளம்பெண், குதிரை வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து நெருக்கிக்கொண்டே வந்த கனவான் ஒருவரைத் தொப்பி ஊசியால் கையில் குத்தினாள். அந்தக் காலத்துப் பெண்கள் பெரிய தொப்பிகளைக் கூந்தலோடு பிணைக்க நீண்ட ஊசிகளை உபயோகித்தார்கள். தனியாக டிராமில் போகவும் வேலைக்குப் போகவும் தொடங்கியிருந்த தலைமுறை அது. தெருவில் பெண்களை வெறிப்பவனுக்கும் ஒட்டி வருபவனுக்கும் 'மாஷர்' என்று ஒரு பெயரும் புழக்கத்தில் இருந்தது. சில வருஷங்களில் பத்திரிகைகள் மாஷரை விட்டுவிட்டு ஊசியைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தன. 1910 மார்ச்சில் சிகாகோ நகரசபை, 9 அங்குலத்துக்கு மேல் நீளமான தொப்பி ஊசிகளைத் தடை செய்தது. ஆதரவாக 68 ஓட்டு, எதிராக 2. மீறினால் அபராதம் 50 டாலர். ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் ஆண்கள். அன்று அளவெடுக்கப்பட்டது ஊசி.

இந்த அளவெடுப்பு ஒரு விதிவிலக்கு இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. பார்வை என்கிற பிரச்னை எழும்போதெல்லாம் சமூகம் அதை வேறொன்றாகப் பெயர் மாற்றி, அந்த வேறொன்றைத்தான் விசாரித்திருக்கிறது.

நம்முடைய பழைய பெயரிலிருந்தே தொடங்கலாம். வள்ளுவர் பிறன் மனைவியை நோக்காதிருப்பதைப் பெரிய ஆண்மை என்று கொண்டாடுகிறார். அதிகாரத்தின் பெயர் பிறனில் விழையாமை. அங்கே குற்றம் நடப்பது பிறனுடைய வாசலில். பார்க்கப்பட்டவளுக்கு எப்படி இருந்தது என்பது அந்த அறத்தின் கேள்வி இல்லை. அதே வள்ளுவர் குறிப்பறிதலில் பார்வையைக் காதலின் பாஷையாக்குகிறார். அங்கே அவளும் பார்க்கிறாள். இரண்டு அதிகாரங்களுக்கும் நடுவில் ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது. யாருடைய மனைவியும் அல்லாத, யாரையும் காதலிக்காத, வீட்டுக்குப் போகவேண்டியிருக்கிற ஒரு பெண் நிற்கிற இடம். பஸ் ஸ்டாண்ட் என்று வைத்துக்கொள்ளலாம்.

1860ன் இந்திய தண்டனைச் சட்டம் இந்த இடத்துக்கு 509ஆம் பிரிவோடு வந்தது. பெண்ணின் நாணத்தை அவமதிக்கும் எண்ணத்தோடு சொல்லோ சைகையோ செயலோ செய்தால் குற்றம். 160 வருஷத்துக்கு மேல் புழங்கிய எண் இது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய சட்டத்தில் 79ஆம் பிரிவு. எண் மாறியதே தவிர நாணம் அப்படியே இருக்கிறது. காயம் பட்டது அவள் என்று சொல்லாமல் அவளிடமிருந்த நாணம் என்று சொல்வது, திருடு போனது நகை என்று எழுதிக்கொள்ளும் போலீஸ் ஸ்டேஷன் பாஷை. நகை வைத்திருந்ததற்கு அத்தாட்சி என்ன என்பது அடுத்த கேள்வியாக வந்துவிடும்.

வரவும் செய்தது. 1938ல் பஞ்சாபிலிருந்து ஒரு கல்லூரிப் பெண், வெளியே போனால் பையன்கள் தொந்தரவு செய்கிறார்கள், இந்த இடத்தில் அகிம்சை என்ன செய்யும் என்று காந்திக்கு எழுதிக் கேட்டாள். டிசம்பர் 31 தேதியிட்ட 'ஹரிஜன்' இதழில் காந்தி பதில் எழுதினார். மாணவர்களைக் கண்டித்தார், இப்படிப்பட்டவர்களை அம்பலப்படுத்த வேண்டும் என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். நவீனப் பெண் காற்றுக்கும் மழைக்கும் வெயிலுக்குமாக உடுத்துவதில்லை, கவனத்தை ஈர்க்கவே உடுத்துகிறாள் என்ற அபிப்பிராயத்தையும் சேர்த்தார். 11 பெண்கள் தங்கள் பெயர், விலாசத்தோடு அவருக்கு மறுப்பு எழுதினார்கள். நடந்துகொண்டவனை விட்டுவிட்டு, நடந்தது யாருக்கோ அவளையே குறை சொல்கிறீர்கள் என்பது அதன் சாரம். காந்தியின் பெருமை, 1939 பிப்ரவரியில் அதை எடுத்துக்கொண்டு பதில் சொன்னது. அந்த 11 பேரை நம் சுதந்திரப் போராட்டச் சரித்திரங்கள் ஓர் அடிக்குறிப்பாகக்கூட நினைவில் வைத்திருக்கவில்லை. எனக்கு அவர்கள் முக்கியமானவர்களாகப் படுகிறார்கள். தேசத்தின் மனசாட்சியாக இருந்த ஒருவரிடம், நீங்கள் அளவெடுப்பது ஊசியை என்று சொன்னவர்கள் அவர்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு கிடைத்த பெயர் 'ஈவ் டீசிங்'. இந்திய ஆங்கிலத்தின் சொந்த உற்பத்தி. ஏவாள் என்று சொன்ன உடனே ஆப்பிளும் வந்துவிடுகிறது. சீண்டல் என்று சொன்ன உடனே விளையாட்டும். இரண்டு சொல்லில் முழு வழக்கையும் தள்ளுபடி செய்துவிடுகிற சாமர்த்தியம் இதற்கு உண்டு. 1998ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, தெருவில் இளைஞர்கள் கூட்டமொன்று துரத்தித் தொல்லை கொடுத்ததில் உயிரிழந்த பிறகு, தமிழக அரசு இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தபோது அதன் தலைப்பிலேயே இந்தச் சொல் இருந்தது. ஒரு சாவுக்குப் பிறகு எழுதின சட்டத்தின் பெயரில் சீண்டல். 2002ல்தான் தலைப்பைத் திருத்தித் துன்புறுத்தல் என்றாக்கினார்கள். 2025 ஜனவரியில் தண்டனைகளையும் உயர்த்தினார்கள். 2012ல் உச்ச நீதிமன்றம் பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களில் மஃப்டியில் பெண் போலீஸாரை நிறுத்தச் சொல்லித் தீர்ப்பளித்ததே, அந்த வழக்கும் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். பஸ்ஸுக்காகக் கணவனோடு காத்திருந்த ஒரு பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு போலீஸ்காரர்.

சட்டம் இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தும் பார்வையை மட்டும் நேராகத் தொடத் தயங்கியதற்கு நியாயமில்லாமல் இல்லை. கையை நிரூபிக்கலாம், கண்ணை எப்படி நிரூபிப்பது? 2013ன் திருத்தம் கண்ணைக் குற்றவாளியாக்கியது; ஆனால் பெண் தன் அந்தரங்கத்தில் இருக்கும்போது எட்டிப் பார்க்கும் கண்ணை. தெருவில் நிற்பவளுக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. 2016ல் கேரளத்தின் கலால் துறைக் கமிஷனர், ஒரு பெண்ணை 14 விநாடிகளுக்கு மேல் பார்த்தால் வழக்குப் போடலாம் என்று ஒரு கூட்டத்தில் பேசினார். அப்படி ஒரு சட்டம் எங்கும் இல்லை. நாடே சிரித்தது. 13 விநாடி பார்த்துவிட்டுக் கண்ணை மூடித் திறக்கலாமா என்று கேட்டார்கள். நானும் சிரித்தேன். கேஷ் கவுண்டர் அம்மாள் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து 14 எண்ணிவிட்டு, "ரொம்ப நேரம் தம்பி" என்றார். வேண்டுமானால் நண்பர்கள் இதைப் பரீட்சித்துப் பார்க்கலாம். யாரையும் பார்க்க வேண்டாம். யாரையாவது விட்டுத் தங்களைப் பார்க்கச் சொல்லலாம்.

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு, தன் 1989ஆம் வருஷத்து மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. பஸ்ஸில் பெண்களை வெறித்துப் பார்ப்பது, கண்ணடிப்பது, விசிலடிப்பது, பாட்டுப் பாடுவது, அனுமதியில்லாமல் படமெடுப்பது எல்லாம் இப்போது விதிமீறல். கண்டக்டர் அந்தப் பயணியை இறக்கிவிடலாம், போலீஸில் ஒப்படைக்கலாம். உதவுவதுபோல் தொடுகிற கண்டக்டரும் இதில் அடக்கம். இதற்கு ஒரு வருஷம் முன்னால், 2021 மே மாதம்தான், சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாகியிருந்தது. டோக்கியோ 1912லேயே சூவோ பாதையில் மாணவிகளுக்காகத் தனி ரயில் விட்டது. பம்பாய் 1992ல் சர்ச்கேட்டுக்கும் போரிவிலிக்கும் இடையே முழு ரயிலையும் பெண்களுக்காக ஓட்டியது. இவை பார்க்கப்படுகிறவளை அப்புறப்படுத்தும் ஏற்பாடுகள். அவள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், பார்க்கிறவன் இறங்கட்டும் என்பது வேறு தர்க்கம். எத்தனை கண்டக்டர்கள் எத்தனை பேரை இறக்கினார்கள் என்பதைத் தள்ளிவைத்தாலும், அரசாங்கக் காகிதத்தில் அந்தத் தர்க்கம் வந்து உட்கார்ந்துவிட்டது.

இங்கே ஒரு பாஷைச் சிக்கல். இந்த விதியைச் செய்தியாக்கிய தமிழ்ப் பத்திரிகைகள் 'முறைத்துப் பார்த்தால்' என்று எழுதின. தமிழில் முறைப்பது கோபம். நியாயமாகப் பார்த்தால் முறைக்க வேண்டியவள் அவள். அவன் செய்வதற்கு நம்மிடம் சரியான வினைச்சொல் இல்லை. வெறிப்பது சூன்யத்தையும் வெறிப்பது. உற்றுப் பார்ப்பது எறும்பையும் உற்றுப் பார்ப்பது. சைட் அடிப்பது காலேஜ் வேடிக்கை. 'கண்ணாலேயே தின்னறான்' என்கிறார்கள் பெண்கள். அதுதான் துல்லியம். ஆனால் அது அகராதிக்கும் அரசாணைக்கும் வராத, அடுக்களையில் புழங்குகிற சொல். அனுபவம் யாருடையதோ அவர்களிடம் சொல் இருக்கிறது, எழுதுகிறவர்களிடம் இல்லை.

எழுதுகிறவர்கள் என்று நான் சொல்வது நம்மைத்தான். நவீனத்துவம் என்று நாம் கொண்டாடுகிற சமாசாரத்தின் முக்கியமான ஊற்றுகளில் ஒன்று, நகரத்துத் தெருவில் நின்று பார்க்கிற ஆண். போதலேர் தன் புத்தகத்தின் 1861 பதிப்பில் சேர்த்த கவிதைகளில் ஒன்று, பாரீஸின் தெரு இரைச்சலில் கடந்துபோகும் ஒரு பெண்ணைப் பற்றியது. அவள் துக்க உடையில் இருக்கிறாள். யாருக்காகத் துக்கம் என்று கவிதை கேட்பதில்லை. எனக்கு மிகப் பிடித்த கவிதைகளில் ஒன்று, இன்னும் பிடிக்கும். நம் சிறுபத்திரிகைகளில் அதன் பேரப்பிள்ளைகளாக எத்தனை பஸ் ஸ்டாப் பெண்கள், எத்தனை ஜன்னலோரக் கூந்தல்கள். பார்க்கிற 'நான்' இருத்தலின் தனிமையில் தவிக்கிறான். பார்க்கப்படுகிறவள் படிமம். படிமத்துக்கு வீடு கிடையாது, இறங்க வேண்டிய ஸ்டாப் கிடையாது.

நானும் ஒன்று எழுதியிருக்கிறேன். 24 வயதில். மழை நாள், டவுன் பஸ், முன் சீட்டில் ஒரு பெண். அவள் இறங்கி ஈரத் தெருவில் கரைந்து போவதோடு கவிதை முடியும். பிரசுரமானதும் பெருமையாக இதழைக் கொண்டுபோய் கேஷ் கவுண்டர் அம்மாளிடம் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பொண்ணு இறங்கினது அவ ஸ்டாப்தானா, தம்பி?"

புரியாமல் நின்றேன். "நான் எத்தனையோ நாள் ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கியிருக்கேன். அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டார்.

பதில் எனக்குத் தெரியும். பஸ் கிளம்பியபோது நான் பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அவள் எங்கும் போகவில்லை. குடையை விரித்துக்கொண்டு அதே ஸ்டாப்பில், அடுத்த பஸ் வரும் பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். முதல் பிரதியில் அந்த வரி இருந்தது. படிமத்தைக் கெடுக்கிறது என்று நான்தான் அடித்தேன்.