தமிழ் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் வாசகர் மரபு

சாகசச் சித்திரக்கதை இதழ்களை மாதந்தோறும் தொடர்ந்து வாங்கிப் படித்து, பாதுகாத்து, அவற்றின் கதை, ஓவியம், மொழிபெயர்ப்பு, அச்சு ஆகியவற்றைப் பற்றிக் கடிதமாகவும் நேர்ப்பேச்சாகவும் கருத்துச் சொல்லிவரும் தமிழ் வாசகர்களின் மரபு இது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியதோடு இதன் தொடர்ச்சியான வரலாறு தொடங்குகிறது. உலகின் பல பகுதிகளில் சூப்பர் ஹீரோ ரசனை சூப்பர்மேன், பேட்மேன் என்ற அமெரிக்கப் பெயர்களில் வேர்விட்டது. தமிழிலோ அது பிரிட்டிஷ் வார இதழ்களின் நாயகர்களைப் பற்றிக்கொண்டு வளர்ந்தது. அந்த நாயகர்களைப் பிறந்த நாடு மறந்துபோன பிறகும் தமிழ் வாசகர் விடவில்லை. அவர்கள் இன்றும் அச்சில் இருப்பதற்கு முதல் காரணம் வாசகரின் பிடிவாதம்தான்.

முன்வரலாறு

படத்தோடு கதை படிக்கும் பழக்கத்தை அம்புலிமாமாவும் வார இதழ்களின் சிறுவர் பக்கங்களும் ஏற்கெனவே உண்டாக்கியிருந்தன. 1960இல் தினத்தந்தியில் தொடங்கிய கன்னித்தீவு, நாளுக்கு மூன்று நான்கு கட்டங்கள் என்ற கணக்கில் சிந்துபாத்தின் அலைச்சலைச் சொல்லி, 'அடுத்து என்ன' என்று காத்திருக்கும் வாசகரை உருவாக்கியது. 1964 மார்ச்சில் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் இந்திரஜால் காமிக்ஸை வெளியிட்டபோது, லீ ஃபால்க்கின் முகமூடி வீரர் இந்திய மொழிகளுக்கு வந்தார். ஆனால் ஓர் இதழின் எல்லாக் கதைகளையும் எண் வாரியாகச் சேர்த்து வைக்கும் ரசிகர் கூட்டம் தமிழில் திரண்டது முத்து காமிக்ஸுக்குப் பிறகுதான்.

இரும்புக்கை மாயாவி

முத்து காமிக்ஸைத் தொடங்கியவர் மு. சவுந்தரபாண்டியன். ஆரம்பகால இதழ்களை உருவாக்கியதில் முல்லை தங்கராசனுக்குப் பெரும் பங்குண்டு. முதல் இதழின் பெயரே 'இரும்புக்கை மாயாவி'. லண்டனின் ஃப்ளீட்வே நிறுவனத்தின் வேலியன்ட் வார இதழில் 1962 அக்டோபரில் தொடங்கிய தொடர் அது. முதலில் எழுதியவர் கென்னத் பல்மர், பின்னர் டாம் டல்லி. வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ.

லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். உயர் மின்சாரம் பாயும் விபத்து ஒன்றில் அவன் உடல் கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறது, எஃகுக் கை மட்டும் காற்றில் மிதக்கிறது. இந்த ஆற்றல் கைக்கு வந்ததும் அவன் செய்வது திருட்டும் மிரட்டலும்தான். பல அத்தியாயங்களுக்குப் பிறகே நல்லவர் பக்கம் வந்து நிழல் படையின் உளவாளியாகிறான். பிறவியிலேயே உத்தமனான சூப்பர்மேனைவிட, தவறிப்போய்த் திரும்பி வந்த கிராண்டேல் தமிழ் வாசகருக்கு நெருக்கமானதில் வியப்பில்லை. அவனுடைய ஆற்றலுக்கு ஒரு வரம்பும் உண்டு. மின்சாரம் கிடைக்காவிட்டால் அவன் சாதாரண மனிதன், உடலில் ஏறிய மின்சாரத்தின் வேகம் தீர்ந்தால் எதிரியின் நடுவிலேயே உருவம் தெரிந்துவிடும். அடுத்த பக்கத்தில் அவன் விரலை வைக்க ஒரு மின்சாக்கெட் இருக்குமா என்ற பதற்றமே கதையின் பாதிச் சுவை.

பிளாஸ்கோவின் ஓவியம் இன்னொரு காரணம். நிழலும் புகையும் கலந்த கறுப்பு வெள்ளைக் கோடுகளில் நிஜ நகரங்கள், நிஜ முகங்கள். 'பாம்புத் தீவு', 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்', 'கொள்ளைக்கார மாயாவி', 'இயந்திரத் தலை மனிதர்கள்' போன்ற தலைப்புகளை வரிசை தவறாமல் ஒப்பிக்கும் வாசகர்கள் இன்றும் இருக்கிறார்கள். மாயாவியைத் தொடர்ந்து லாரன்ஸ்–டேவிட், ஜானி நீரோ, காரிகன், ரிப் கெர்பி, மாண்ட்ரேக் எல்லாரும் முத்துவில் வந்தார்கள். ஒரு குழப்பத்தை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். முத்துவில் மாயாவி என்றால் கிராண்டேல். லீ ஃபால்க்கின் முகமூடி வீரர் முத்துவில் வேதாளர், பிற்காலத்தில் ராணி காமிக்ஸில் அவரே மாயாவி. எந்த இதழ் வாசகர் பேசுகிறார் என்று தெரியாமல் மாயாவியைப் பற்றிய விவாதத்தில் நுழைந்தால் இருவர் இரண்டு ஆட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

1984

அந்த ஆண்டு ஜூலை மாதத்தில் இரண்டு இதழ்கள் பிறந்தன. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ், ஜேம்ஸ்பாண்ட் கதையான 'அழகியைத் தேடி'யுடன் வந்தது. அதன் ஆசிரியர் அ. மா. சாமி. குழுமத்தின் விநியோக பலத்தால் அது சிற்றூர்ப் பெட்டிக்கடை வரை போய்ச் சேர்ந்தது. சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் 'கத்திமுனையில் மாடஸ்டி'யுடன் வந்தது. அதன் ஆசிரியர் சவுந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன். அப்போது அவருக்கு வயது 17. தன் வாசகர்களின் வயதிலேயே ஆசிரியரும் இருந்ததால் இதழுக்கும் வாசகருக்கும் இடையே ஒரு சமநிலை உறவு உண்டானது. இந்த மரபின் போக்கைத் தீர்மானித்த செய்தியாக இதைக் கருதலாம்.

லயனை நிலைநிறுத்தியவன் ஸ்பைடர். 'எத்தனுக்கு எத்தன்' என்ற கதையில் அறிமுகமான இவனுக்கும் அமெரிக்க ஸ்பைடர்மேனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1965இல் லண்டனின் லயன் வார இதழுக்காக டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைந்த பாத்திரம் இது. கூர்மையான காதுகள், கறுப்புக் கவசம், வலைத் துப்பாக்கி, வாயுத் துப்பாக்கி, ஹெலிகார். இவற்றோடு, குற்ற உலகின் சக்கரவர்த்தியாக முடிசூட்டிக்கொள்ளும் வெறி. பேராசிரியர் பெல்ஹாமையும் பூட்டுடைக்கும் ஆர்டினியையும் கூட்டாளிகளாக்கிக்கொண்டு கொள்ளையடிப்பவன், தன்னைவிடப் பெரிய குற்றவாளிகளோடு மோதி மோதிக் கடைசியில் சட்டத்தின் பக்கம் வந்துவிடுகிறான். முதல் சில தொடர்களுக்குப் பிறகு இதை எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938இல் ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உலகுக்குத் தந்த அதே சீகல். உரிமைச் சிக்கல்களால் தன் சொந்தப் படைப்பிலிருந்தே விலக்கப்பட்டவர், பிரிட்டிஷ் வார இதழுக்கு எழுதிய அகங்காரம் பிடித்த வில்லன் கதைகளைத் தமிழ்ச் சிறுவர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். சூப்பர் ஹீரோ வரலாற்றில் தமிழுக்கு உரிய தனிப் பக்கம் இது.

மூன்றாமவன் ஆர்ச்சி. 1952இல் பிரிட்டிஷ் லயனின் முதல் இதழிலேயே தோன்றிய இயந்திர மனிதன். கோட்டை வடிவக் கால இயந்திரத்தில் ஏறி எந்த யுகத்துக்கும் போய் வரும் அவனை வாசகர்கள் செல்லமாகச் சட்டித்தலையன் என்றார்கள். மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி என்ற இந்த மூவர் அணியே 1980களின் தமிழ் சூப்பர் ஹீரோ உலகம்.

அமெரிக்க நாயகர்கள் வராமல் இல்லை. 1986இல் தொடங்கிய திகில் காமிக்ஸில் பேட்மேன் வந்தார். ஆனாலும் அவரால் மூவரையும் அசைக்க முடியவில்லை. அமெரிக்கக் கதைகள் ஓர் இதழிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, பல தலைப்புகளில் பின்னிப் பிணைந்து ஓடுபவை. ஒன்றிரண்டை மட்டும் மொழிபெயர்த்தால் தலையும் வாலும் புரியாது. பிரிட்டிஷ் வாரத் தொடர்களைத் தொகுத்தால் ஒரு முழுக்கதை ஒரே புத்தகத்தில் அடங்கிவிடும். கைக்காசு சேர்த்து மாதம் ஒரு புத்தகம் வாங்கும் சிறுவனுக்கு இதுதான் வேண்டியிருந்தது.

கடிதப் பக்கமும் விமர்சனமும்

அமெரிக்காவில் ரசிகர் இயக்கம் கடிதப் பக்கங்களில் முளைத்தது. டிசி நிறுவனத்தின் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் 1960களின் தொடக்கத்தில் கடிதம் எழுதியவர்களின் முழு முகவரியையும் அச்சிட்டார். ரசிகர்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்தார்கள். 1961இல் ஜெர்ரி பெய்ல்ஸ் ஆல்ட்டர் ஈகோ என்ற ரசிகர் இதழைத் தொடங்கினார், 1964இல் நியூயார்க்கில் மாநாடு கூடியது. தமிழிலும் கடிதமே விதை. ஆனால் பேச்சு பெரும்பாலும் வாசகருக்கும் ஆசிரியருக்கும் இடையே நடந்தது. லயனில் 'ஹாட்லைன்', முத்துவில் 'காமிக்ஸ் டைம்' என்ற ஆசிரியர் பக்கங்களைப் பலர் கதைக்கு முன்பே படித்தார்கள். அடுத்து வரப்போகும் கதை, தாமதத்தின் காரணம், காகித விலை, வெளிநாட்டுப் பதிப்பகங்களோடு நடந்த பேச்சு என எல்லாவற்றையும் விஜயன் அதில் பகிர்ந்துகொண்டார். இதழ் எப்படி உருவாகிறது என்று தெரிந்த வாசகருக்கு அதை எடைபோடவும் தெரிந்தது.

அஞ்சலட்டையிலும் இன்லண்ட் கடிதத்திலும் வந்த விமர்சனம் கறாரானது. அட்டைப்படம் உள்ளே இருக்கும் கதையோடு பொருந்துகிறதா, பேச்சுக் குமிழியில் தமிழ் இயல்பாக ஒலிக்கிறதா, பக்கத்தைச் சுருக்கியதில் ஓவியம் நசுங்கியதா, கோடை மலர், தீபாவளி மலர் கொடுத்த விலைக்குத் தகுந்தவையா என்று பார்த்தார்கள். எந்த நாயகனை நிறுத்த வேண்டும், எவனைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற வாக்கெடுப்பாகவே கடிதங்கள் அமைந்தன. மறுபதிப்புக் கோரிக்கை ஓயவே இல்லை.

பழைய இதழ்களைத் தேடுவது இந்த மரபின் இன்னொரு பாதி. வாடகை நூலகங்கள், நடைபாதைக் கடைகள், 1985இல் தீக்கிரையாகும் வரை சென்னை மூர் மார்க்கெட். விடுபட்ட எண்களைக் குறித்த பட்டியலோடு ஊர் ஊராக அலைந்தவர்கள், ஒரு கதை எந்த ஆண்டு, எந்த எண்ணில், எந்த மூலத்திலிருந்து வந்தது என்ற விவரங்களைச் சேர்த்துவைத்தார்கள். நூலகங்கள் சிறுவர் இதழ்களைப் பேணாத காலத்தில் தமிழ் காமிக்ஸின் ஆவணக்காப்பகமாக இருந்தவை இவர்களின் பெட்டிகளும் பரண்களுமே. இவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

ரசனை மாற்றம், தேய்வு, மீட்சி

1985இல் 'தலைவாங்கிக் குரங்கு' மூலம் லயனுக்கு வந்த இத்தாலியக் குதிரை வீரர் டெக்ஸ் வில்லர், மெல்ல மெல்ல சூப்பர் ஹீரோக்களின் இடத்தைப் பிடித்தார். கேப்டன் டைகர், லக்கி லூக், 'இரத்தப் படலம்' தொடர் என்று வாசகரோடு சேர்ந்து கதைகளுக்கும் வயதேறியது. ஸ்பைடர் கதைகளின் தர்க்கம் முதிர்ந்த வாசிப்புக்குத் தாங்காது என்று ஒரு தரப்பும், பால்யத்தின் முதல் வியப்பை விட்டுத்தர முடியாது என்று மறு தரப்பும் இன்றுவரை மோதுகின்றன. முதல் தரப்பு சொல்வது ஸ்பைடருக்குப் பொருந்தும். பிளாஸ்கோ வரைந்த மாயாவிக்குப் பொருந்தாது. அந்த ஓவியம் எந்த வயதிலும் நிற்கும்.

1990களில் தொலைக்காட்சி சிறுவர்களை இழுத்துக்கொண்டது. ராணி காமிக்ஸ் 500 இதழ்களோடு 2005இல் நின்றது. லயனும் முத்துவும் எப்போது வரும் என்று தெரியாத நிலைக்குப் போயின. மீட்சியின் முதல் அறிகுறி 2010இல் தெரிந்தது. 'இரத்தப் படலம்' 18 பாகங்களும் ஒரே தொகுப்பாக, 858 பக்கங்களில், 200 ரூபாய் விலையில், வாசகர்களின் முன்பதிவை நம்பி வெளிவந்தது. 2012 ஜனவரியில் 100 ரூபாய் விலையில் லயன் 'கம்பேக் ஸ்பெஷல்' வந்தது. அதன்பின் பெரிய அளவு, வழவழப்பான தாள், முழு வண்ணம் என்று இதழின் உருவமே மாறியது. 2013இல் 400 ரூபாய்க்கு முத்துவின் 'நெவர் பிஃபோர் ஸ்பெஷல்', 2014 ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் 'லயன் மேக்னம் ஸ்பெஷல்'. சந்தாவும் புத்தகக் கண்காட்சியும் பெட்டிக்கடையின் இடத்தை எடுத்துக்கொண்டன. ஜனவரியில் சென்னை, ஆகஸ்டில் ஈரோடு என ஆசிரியரும் வாசகர்களும் நேரில் கூடிப் பேசும் வழக்கம் உருவானது. கடிதத்தில் கேட்ட கேள்விகளை இப்போது முகத்துக்கு நேரே கேட்கலாம். வண்ணம் பிசகியது, எழுத்துப்பிழை, கட்டு விட்டுப்போனது எல்லாம் அங்கே விசாரணைக்கு வரும். 2022 ஜனவரியில் முத்து பொன்விழா கண்டது.

திரைப்படத்திலும் இந்தத் தலைமுறையின் சாயல் விழுந்தது. சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' (2010), மிஷ்கினின் 'முகமூடி' (2012) இரண்டும் காமிக்ஸ் வாசிப்பை அறிந்தவர்களின் படங்கள்.

மலேசியா

இந்த வாசிப்பு தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. மலேசியாவில், சிலாங்கூரின் வடபகுதித் தோட்டங்களில் தமிழ்நாட்டு வார, மாத இதழ்கள் நீண்ட காலமாகப் படிக்கப்பட்டுவந்தன. உள்நாட்டு நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பு மாணவர் பக்கமும் சிறுவர் கதையும் தந்தது. இங்குள்ள காமிக்ஸ் வாசகருக்கு மும்மொழி வாசல் உண்டு. 1978இல் தொடங்கிய கீலா கீலா இதழும் 1979இல் வந்த லாட்டின் 'கம்போங் பாய்' நூலும் மலாய்ச் சித்திரக்கதை ரசனையை வளர்த்தன. கெலுவாங் மேன், 2006இல் திரைக்கு வந்த சிச்சாக்மேன் என்று நாட்டுக்கே உரிய முகமூடி வீரர்களும் வந்தார்கள். ஆங்கிலப் பதிப்புகளுக்குக் கோலாலம்பூர் இருக்கிறது. அந்த வடபகுதியில் உள்ள ரவாங்கிலிருந்து கொமுட்டர் ரயிலேறி நகருக்குப் போய், கேஎல்சிசி கினோகுனியா புத்தகக்கடையில் நின்று புரட்டலாம்.

மாயாவி கதையில் ரவாங் வாசகருக்கு மட்டும் ஒரு கூடுதல் சுவை கிடைக்கும். மலாயாவில் மின்சாரம் முதலில் வந்ததாகச் சொல்லப்படும் ஊர் இது. 1894இல் லோக் இயூவும் கா. தம்புசாமிப் பிள்ளையும் இங்கே தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்னாக்கி நிறுவினார்கள். ஆனால் சுற்றியிருந்த தோட்ட லயங்கள் பலவற்றில் அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் மாலையில் சில மணி நேரம் மட்டுமே ஜெனரேட்டர் ஓடியது. விளக்கு அணையும் நேரம் தெரிந்து வளர்ந்த ஒருவருக்குக் கிராண்டேலின் பதற்றத்தை விளக்க வேண்டியதில்லை.

இதற்கிடையே பிரிட்டனில் அந்தப் பழைய வார இதழ் நாயகர்களின் உரிமையை ரெபெல்லியன் நிறுவனம் 2018இல் வாங்கி, 2021இல் மாயாவி, ஸ்பைடர் இருவரின் தொடக்கக் கதைகளையும் நல்ல தாளில் தொகுத்து வெளியிட்டது. இதனால் தமிழ் விமர்சனத்துக்குப் புதிய வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. வேலியன்டின் பெரிய பக்கத்தைச் சட்டைப்பை அளவுக்கு மாற்ற எந்தக் கட்டங்கள் வெட்டப்பட்டன, எந்த வசனம் சேர்க்கப்பட்டது, பிளாஸ்கோவின் நிழல்களில் எவை சிவகாசி அச்சில் கரைந்துபோயின என்பதைப் பழைய முத்து இதழோடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்க்கலாம்.