மே மாசம் பார்த்தா எல்லாம் காஞ்ச நிலம்... நவம்பர்ல பார்த்தா கதையே வேற! திருத்தணி மேடு பள்ளம் சொல்லும் ஈரக் கணக்கு

கோடை வந்தாலே 'வெயில் சதமடித்த ஊர்கள்' பட்டியலில் அடிக்கடி வரும் பெயர் திருத்தணி. அந்த நேரத்தில் மலைக்கோயிலில் நின்று கீழே பார்த்தால், மேடும் பள்ளமும் ஒரே மாதிரி காய்ந்து கிடக்கும். நவம்பரில் அப்படி இல்லை. மழை விட்ட நாலே நாளில் மேட்டுக் கொல்லை காய்ந்துவிடும். கொஞ்சம் தள்ளி இருக்கும் பள்ளத்துக் கழனியில் கால் புதையும். பெய்தது ஒரே மழைதானே, அப்புறம் ஏன் இப்படி?

சரிவு என்ன செய்கிறது?

மழைத் தண்ணீர் ஒன்று மண்ணுக்குள் இறங்கணும், இல்லை மேலே ஓடணும். சரிவு அதிகமானால் தண்ணீருக்கு உள்ளே இறங்க நேரம் கிடைக்காது. ஓடும் தண்ணீர் நைசான மண்ணையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும். பல தலைமுறையாக இது நடப்பதால், மேட்டில் சரளையும் மெல்லிய மண்ணும்தான் மிச்சம். பள்ளத்தில் களி கலந்த ஆழமான மண் சேர்கிறது. அது ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும். மேட்டில் மானாவாரி வேர்க்கடலை, பள்ளத்தில் நெல் என்று பிரித்ததற்கு இதுதான் காரணம்.

தரைக்கு அடியிலும் ஓட்டம்

மேட்டில் இறங்கிய தண்ணீரும் அங்கேயே நிற்காது. அடியில் பாறை தட்டியதும் பக்கவாட்டில் மெல்ல கசிந்து கீழே வரும். அதனால்தான் மழை நின்று பல நாள் ஆனாலும் பள்ளத்தில் ஈரம் இருக்கு.

இதை 1979-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் கீத் பெவன், மைக் கிர்க்பி ஒரு சூத்திரமாகவே தந்தார்கள். ஓர் இடத்துக்கு மேலிருந்து எவ்வளவு பரப்பின் தண்ணீர் வருது, அந்த இடம் எவ்வளவு சரிவு என்ற இரண்டே கேள்விதான். பரப்பு பெரிதாகவும் சரிவு குறைவாகவும் இருந்தால், அங்கே ஈரம் அதிகம்.

வெயிலுக்கும் பங்கு உண்டு

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அதனால் தெற்குப் பார்த்த சரிவு, வடக்குப் பார்த்த சரிவைவிட கொஞ்சம் சீக்கிரம் காயும்.

கோடையில் ஏன் தெரியலை?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், தாராவாரா என்ற சிறிய மேய்ச்சல் நிலத்தில் 1990-களில் மண் ஈரத்தை இடம் இடமாக அளந்தார்கள். மழைக்காலத்தில் ஈரம் மேடு பள்ளத்தை ஒட்டியே அமைந்தது. வறண்ட காலத்தில் அந்த வடிவம் மறைந்துவிட்டது. காரணம், மண் காய்ந்ததும் பக்கவாட்டுக் கசிவு நின்றுவிடும். பிறகு அந்தந்த இடத்து மண்ணும் செடியும்தான் ஈரத்தைத் தீர்மானிக்கும்.

செயற்கைக்கோளில் தெரியுமா?

2015-ல் நாசா அனுப்பிய 'ஸ்மாப்' செயற்கைக்கோள், சுமார் 36 கி.மீ. சதுரத்துக்கு ஒரே சராசரி தரும். திருத்தணி மலையும் கழனியும் அதில் ஒன்றாகிவிடும். 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட 'நிசார்' இதைவிட நுணுக்கமாகப் பார்க்கும். ஆனாலும் ஒரு வரப்புக்கும் அடுத்த வரப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கு, மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

மனை வாங்குறவங்க கவனிக்க

சிக்கல் இங்கேதான். கோடையில் பார்க்கும்போது ஏரிக்கு வரும் வரத்துக்கால்கூட சும்மா கிடக்கும் பள்ளம் மாதிரிதான் தெரியும். அதைத் தூர்த்து வீடு கட்டினால், வழி மறிக்கப்பட்ட தண்ணீர் மழைக்காலத்தில் அந்த வீட்டையே சுற்றி நிற்கும். கீழே இருக்கும் ஏரிக்கும் கழனிக்கும் வரவேண்டிய தண்ணீர் குறையும்.

விவசாயிகளுக்கு வழி எளிது: சரிவுக்குக் குறுக்கே உழுது, வரப்பு போட்டால் மேட்டிலும் தண்ணீர் கொஞ்சம் நின்று இறங்கும். நிலம் வாங்க நினைப்பவர்கள் ஒருமுறை நவம்பரில், நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்க. தண்ணீர் எங்கே போகுதுன்னு அப்போ நேராகவே தெரிஞ்சிடும்.