துப்பாக்கி துடைக்க ஒரு கம்பி

வியட்நாம் போரில் 1965 முதல் அமெரிக்கப் படையினர் பலருக்கு எம்-16 என்ற புதிய ரைபிள் தரப்பட்டது. "இதைச் சுத்தம் செய்யவே தேவையில்லை" என்ற பேச்சும் கூடவே பரவியது. துப்பாக்கி வந்தது, துடைக்கும் கம்பியும் பிரஷ்ஷும் போதுமான அளவு வரவில்லை.

சரி, பழைய எம்-14 ரைபிளின் பிரஷ்ஷையே பயன்படுத்தினால் என்ன? முடியாது. அதன் குழல் 7.62 மி.மீ., இதன் குழல் 5.56 மி.மீ. உள்ளேயே நுழையாது.

போதாக்குறைக்குத் தோட்டாவின் வெடிமருந்தையும் மாற்றியிருந்தார்கள். அழுக்கு அதிகம் படிந்தது. தோட்டா உட்காரும் அறையில் குரோமியப் பூச்சு இல்லாததால் ஈரத்தில் துருப்பிடித்தது. சுட்டபின் வெற்றுக்கூடு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். குழலின் வாய்வழியாகக் கம்பியை விட்டுக் குத்தித்தான் தள்ள வேண்டும். கம்பி இல்லாத சிப்பாய் சண்டைக்கு நடுவில் என்ன செய்வான்? சிலர் உயிரையே இழந்தார்கள்.

1967இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இக்கார்ட் துணைக்குழு இதை விசாரித்து இராணுவ நிர்வாகத்தைக் கடுமையாகக் கண்டித்தது. அறைக்குக் குரோமியம் பூசினார்கள். சரியான அளவுக் கம்பி, பிரஷ், எண்ணெய் எல்லாம் கொடுத்தார்கள். 1968இல் வில் ஐஸ்னர் வரைந்த படக்கதைக் கையேடு பராமரிப்பைச் சொல்லிக்கொடுத்தது. கோளாறு வெகுவாகக் குறைந்தது.

ரைபிளோடு முதல் நாளே போயிருக்க வேண்டிய கம்பி, உயிர்கள் போன பிறகுதான் போய்ச் சேர்ந்தது.